இரட்டைப்படை நாளில் ஊற்றிய தண்ணீர்

இது நடந்தது 1963-ஆம் ஆண்டு என்பதை இரண்டு விதமாகச் சரிபார்த்திருக்கிறேன். ஒன்று, அப்போது நான் நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தேன். இரண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக தாதரில் டிராம் ஏறினோம். மறு ஆண்டு மார்ச் மாதத்தோடு பம்பாயில் டிராம் நின்றுபோனது. மாதம் மாசியா பங்குனியா என்பதில் மட்டும் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. அவனுக்கு அப்போது மூன்று வயது. அவன் சாட்சியத்தை நான் ஏற்பதில்லை.

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. பம்பாய் வழக்கப்படி அதைக் கோலி என்போம். பாதிக் கூரைக்குக் கீழே பலகை அடித்து ஒரு பரண் இருந்தது. அதற்கு மாலா என்று பெயர். அப்பா, அம்மா, தம்பி, நான் கீழே படுப்போம். மாலாவில் சித்தப்பா படுப்பார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவும் அவரும் எங்கள் சந்துக் கோடியில் இருந்த தோல் பட்டறையில் வேலை பார்த்தார்கள். பட்டறைக்காரர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் முஸ்லிம். அப்பாவுக்கு அவர் பாய். எனக்கும் தம்பிக்கும் மாமா.

சித்தப்பா அழகானவர். அதை அவரே சொல்வார். தோல் வாடை போக மாலையில் இரண்டு முறை குளிப்பார், தலைக்கு எண்ணெய் வைத்து முன்பக்கம் ஒரு சுருளை எழுப்பி நிறுத்துவார், பிறகு பவுடர். மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் பிடித்த அவருடைய படம் ஊருக்குப் போயிருந்தது. அதைப் பார்த்துப் பெண் வீட்டார் சரியென்று எழுதியிருந்தார்கள்.

“பாதி மூஞ்சி பவுடருதானல? எதப் பாத்துச் சரின்னாவ?” என்று அப்பா கேட்பார்.

“மீதிப் பாதியப் பாத்துண்ணே” என்பார் சித்தப்பா.

ஒரு திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை காலை, ஏணியில் தடுமாறி இறங்கி வந்தவரின் நெற்றியில் சிறு சிவப்புப் புள்ளிகள். அம்மா ஒருமுறைதான் பார்த்தாள். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாளிப்புக் கரண்டியை இறக்கி, எண்ணெயைக் கொட்டிவிட்டு, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். “வந்துட்டா” என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

தலை வாரக் கூடாது, விருந்து வரக் கூடாது, யாரையும் அதட்டக் கூடாது. உடம்பில் எழும்புவதைக் கொப்புளம் என்று சொல்லக் கூடாது. முத்து என்றே சொல்ல வேண்டும். நோயாளியிடம் மரியாதையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே படுத்திருப்பது அவர் மட்டும் அல்ல. முந்தின நாள் வரை ‘ஏல’ என்று கூப்பிட்ட தன் தம்பியிடம் அப்பா கும்பிடாத குறையாக, “கொஞ்சம் கூழு குடிக்கீங்களா?” என்று கேட்டபோது, சித்தப்பா அந்தக் காய்ச்சலிலும் சிரித்துவிட்டார்.

பெரியம்மை கண்டவர்களை வீட்டில் வைத்திருக்க நகராட்சி விடாது. தெரிந்தால் வண்டி வந்து, நகரின் தெற்கே தொற்றுநோய்க்கென்று தனியாக இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது எங்கள் சந்தில் எல்லோரும் அறிந்த செய்தி. திரும்பி வந்தவர்கள் இருவரை எனக்கே தெரியும். ஆனால் அவர்கள் இருந்ததால் அந்தச் செய்திக்கு ஒரு குறையும் வரவில்லை.

எனவே சித்தப்பாவை மறைத்தார்கள். பட்டறை மாமா பாதி பதப்பட்ட தோல் கட்டுகள் நான்கை அனுப்பினார். அவற்றை மாலாவின் விளிம்பில் சுவர்போல அடுக்கி, பின்னால் சித்தப்பாவைப் படுக்க வைத்தார் அப்பா.

“இந்த நாத்தத்துக்கு எந்த ஆபீசரும் ஏறி எட்டிப் பாக்க மாட்டான் அண்ணாச்சி” என்றார் மாமா. அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

இவ்வளவு கவனமாக மறைத்தபின் அம்மா ஒரு காரியம் செய்தாள். என்னை மாட்டுங்கா வரை அனுப்பி வேப்பிலை ஒடித்து வரச் சொல்லி, அதில் நல்ல கொழுத்த கொத்தாக ஒன்றை எடுத்து வாசல் கதவில் கட்டினாள்.

அப்பா தலையில் கை வைத்தார். “போர்டு எழுதி மாட்டுன மாதிரில்லா இருக்கு! இதுக்கா நான் தோல்கட்டச் சொமந்தேன்?”

“முனிசிபால்டிக்கு மறைங்க. வந்திருக்கிறவளுக்கு மறைக்க முடியுமா? வாசல்ல வேப்பிலை இல்லாம ஒரு பொழுதுகூட இருக்க மாட்டேன்.”

அம்மா படிக்காதவள். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி எழுத்துவரை நடத்துவாள். அப்பா கொத்தை அவிழ்த்தால் அவள் மறுபடி கட்டுவாள் என்பது அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்குக் கிளம்புமுன் அம்மை குத்துகிறவர் வந்தார். மராத்திக்காரர். காக்கி உடை, தோளில் பை. எங்கள் பகுதியில் பல ஆண்டு நடந்தவர். அவர் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. இருபுறமும் கதவுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கதவில் நின்றார். இன்று என்ன திருவிழா என்று ஹிந்தியில் கேட்டார். அப்பா ஒரு திருவிழாவின் பெயரைச் சொன்னார்.

“அது போன மாதமே முடிந்துவிட்டதே” என்றார் அவர்.

பிறகு உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா நான்கு விரல்களைக் காட்டினார்.

பள்ளியில் நான் பெற்றிருந்த ஒரே புகழ், எண்ணிக்கையில் தவறமாட்டேன் என்பதுதான். வகுப்பில் எத்தனை பேர் வரவில்லை என்று ஆசிரியர் ஏட்டைப் பார்க்காமல் என்னைத்தான் கேட்பார். யாரோ என் காதருகே தப்பாகக் கூட்டுவதுபோல இருந்தது.

“பாஞ்ச்” என்றேன். ஐந்து.

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த மராத்திக்காரர் பையை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். தோல் கட்டுகளின் நாற்றம் அவரை ஒன்றும் செய்யவில்லை. இறங்கி வந்து கோபப்படாமல், எங்கள் நான்கு பேருக்கும், பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கும் ஊசி குத்திவிட்டுப் போனார். மத்தியானம் வண்டி வந்தது.

சித்தப்பாவை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி நடத்திக்கொண்டு போனார்கள். முகம் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் நின்று, குரல் வந்த அளவுக்குச் சொன்னார்.

“நல்லவேள, என்னையும் சேத்து எண்ணுன.”

அது கேலியா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா என்னை ஓர் அடி அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மை வீட்டில் அதட்டக்கூடக் கூடாது என்பதால் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப முடியாத இடத்துக்குச் சித்தப்பாவை அனுப்பியது நான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்று முதல் காலண்டரில் கோடு போட்டேன். முத்து கண்ட வியாழக்கிழமை முதல் நாள். அம்மாதான் போடச் சொன்னாள். முத்து இறங்கிக் காய்ந்து உதிர்ந்த பின், ஒற்றைப்படை நாள் ஒன்றில், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். அப்போதுதான் வந்தவள் மனம் குளிர்ந்து போவாள். இரட்டைப்படை நாளில் ஊற்றினால் கோபித்துத் திரும்பி வருவாள். “நாள் தப்பிரக் கூடாது, பாத்துக்கோட்டி” என்றாள். சித்தப்பாவின் உயிர் இப்போது என் பென்சிலில் இருப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அந்தக் கோடு.

ஆள் இல்லாத வீட்டில் அம்மா அம்மை நோன்பை நிறுத்தவில்லை. மாலாவில் சித்தப்பாவின் பாயில் தினமும் என்னைப் புது வேப்பிலை பரப்பச் சொன்னாள். பாயருகே ஒரு கிண்ணம் கூழ் வைக்கச் செய்து, சற்று நேரம் கழித்து எடுக்கச் செய்தாள். தாளிப்புக் கரண்டி கவிழ்ந்தே கிடந்தது. தாளிக்காத குழம்பைப் பார்த்து அப்பா ஒரு நாள் பொறுக்காமல் கேட்டார்: “ஆள் அங்க கெடக்கான். நீ இங்க யாருக்குக் கூழு வைக்க?”

“அவரு அங்க இருக்காரு. அவ எங்க இருக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் இருந்த சிப்பாயிடம் பெயரைச் சொன்னால் தாளைப் பார்த்து, ‘ஹை’ என்பார். இருக்கிறார் என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்காக அப்பா தினமும் வேலை முடிந்து போய் வந்தார். நான்காம் நாள் ஹை. பதினொன்றாம் நாள், தாளை இருமுறை புரட்டிவிட்டு, ஹை. அம்மா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டாம் நாளும் ஹை.

அந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சித்தப்பா பின்னால் சொல்லியிருக்கிறார். முகம் வீங்கி, ஒரு வாரம்போலக் கண்ணே திறக்கவில்லை. பகல் எது, இரவு எது என்று தெரியாமல் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மராத்திக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவராம். அவருக்குக் கண் தெரிந்தது. ஒவ்வொரு விடியலிலும் அவர் இவர் பக்கம் திரும்பி, “சகாள் ஜாலி” என்பார். விடிந்துவிட்டது என்று அர்த்தம். இவருக்கு மராத்தி தெரியாது. முதலில் அது அந்த மனிதர் கும்பிடும் கடவுளின் பெயர் என்று நினைத்தாராம். பிறகு, அந்தக் குரலுக்குப் பின்தான் காகம் கத்துவதும் வாளி உருளுவதும் கேட்கிறது என்று கவனித்துப் புரிந்துகொண்டார். அந்தக் குரலுக்காகவே ஒவ்வொரு இரவையும் தாண்டியதாகச் சொல்வார். ஒரு நாள் காகம் கத்தியது, வாளி உருண்டது, குரல் வரவில்லை. அன்று மத்தியானம் இவருக்கு ஒரு கண் லேசாகத் திறந்தது. பக்கத்துக் கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டிருந்தது.

இவருக்கு மறுபக்கம் ஒரு குஜராத்திக் கிழவர், கண் மூடிக் கிடந்தார். மறுநாள் காலை முதல் சித்தப்பா அவர் பக்கம் திரும்பி அதைச் சொல்ல ஆரம்பித்தார்.

இருபத்தைந்தாம் நாள், நான்காவது ஞாயிறு, தேறியவர்களை மேல்மாடி வராந்தாவில் நிற்க விட்டிருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள். மேலே வெள்ளைச் சட்டையில் ஏழு பேர். நான் எண்ணினேன். ஒருவர் கை தூக்கி ஆட்டினார். ஆறுபேர் தலையும் ஒட்ட வெட்டியிருந்தது. ஓரத்தில் நின்ற ஒருவருக்கு மட்டும் நல்ல அடர்த்தியான முடி.

“அந்தா சித்தப்பா!” என்று அந்த முடிக்காரரைக் காட்டிக் குதித்து, இரண்டு கையையும் ஆட்டினேன். அந்த மனிதர் விழித்தார். கை தூக்கியிருந்தவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். “அது இல்லட்டி. கைய எறக்கிட்டாருல்லா, அவருதான்.”

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை, நாளைக்கு விடுகிறோம் என்று கேட்டில் சொன்னார்களாம். அப்பா ஓடி வந்தார். அம்மா முதலில் என்னைத்தான் கேட்டாள்: “நாளைக்கு எத்தனாம் நாளு?”

“முப்பது.”

முப்பது இரட்டைப்படை. தண்ணீர் ஊற்றாமல் அவர் நிலைப்படி தாண்டக் கூடாது. கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். வெள்ளிக்கிழமை சித்தப்பா பட்டறையில் தங்குவார். சனிக்கிழமை, முப்பத்தொன்றாம் நாள், காலையில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பது. மாமா பட்டறையில் ஒரு மூலையைப் பெருக்கி வைத்தார். அம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே தவலையை நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்தாள்.

மாலை நான்கு மணிவாக்கில் அப்பாவோடு சித்தப்பா சந்துக்குள் வந்தார். எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் தப்பாக நடந்துகொள்ளவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும். “வந்துட்டியாப்பா, நல்லாருக்கியா?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். கேட்டபோது அவருக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். பிள்ளைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். என் தம்பி அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். முகம் முழுக்கக் குழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. புருவத்தில் பாதி இல்லை. குரல் மட்டும் சித்தப்பாவுடையது.

அவர் எங்கள் வாசலுக்குப் பத்தடி தள்ளி, பொதுக் குழாயருகே நின்றுவிட்டார். கையிலிருந்த துணிமூட்டையைக் கீழே வைக்கவில்லை.

“நான் பட்டறையிலேயே படுத்துக்கிடுதேன் மதினி. விக்ரோலிப் பக்கம் ஒரு கம்பெனில ஆள் எடுக்காவளாம். தங்க எடமும் உண்டாம். காலையில போயிப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“காலையில தண்ணி ஊத்தணும்லா?” என்றார் அப்பா.

“ஊத்திட்டுப் போறேன்” என்றார் அவர், தரையைப் பார்த்து. பிறகு, “அந்தப் பொண்ணு வீட்டுக்கும் ஒரு கார்டு போட்டுருங்கண்ணே. வேற எடம் பாத்துக்கிடச் சொல்லி.”

அம்மா ஓரமாக நிழலுக்குப் போயிருந்த தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து குழாயடியில் வைத்தாள்.

“உக்காருங்க தம்பி.”

நான் கத்தினேன். “அம்மா! இன்னைக்கு முப்பது! ரெட்டை!”

“ஒத்தைதான். நீ சும்மா இரிட்டி.”

நான் உள்ளே ஓடி, காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன். கோடு கோடாகத் தொட்டுக் காட்டினேன். என் குரல் அழுகையாக மாறியிருந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

“காலண்டர உள்ள கொண்டு வை.”

சித்தப்பா மூட்டையோடு உட்கார்ந்தார். அம்மா செம்பு செம்பாக மூன்று முறை ஊற்றினாள். அதோடு நிறுத்தி விலகுவதுதான் முறை. அம்மா சித்தப்பாவைத் தொட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்குச் சோறு போட்டால்கூடத் தட்டைத் தரையில் வைத்து நகர்த்துவாள். அன்று செம்பை வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், மூக்கின் இரு புறம், தாடை. குழந்தைக்கு மஞ்சள் பூசுவதுபோல, அவசரமே இல்லாமல், ஒரு குழியையும் விடாமல். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. சித்தப்பாவின் தோள்கள் குலுங்கின. தண்ணீர் குளிர்கிறதுபோல என்று நினைத்தேன்.

பட்டறை வாசலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “ஏ விக்ரோலிக்காரா! இங்க ஒரு மாசத் தோலு ஊறிக் கெடக்கு. ஒங்க அண்ணாச்சி ஒருத்தரா நின்னு நெஞ்சு வத்திப் போனாரு. போயி உள்ள சாப்பிட்டுட்டு வா.”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி விட்டாள். அது நேராகக் குழாயடிக்கு நடந்து வந்து, ஓடும் மஞ்சள் தண்ணீரில் கை வைத்து அளைந்தது. அம்மா மூட்டையைச் சித்தப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவர் நிலைப்படி தாண்டினார். சற்று நேரத்தில் எங்கள் கோலியிலிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

சித்தப்பா விக்ரோலிக்குப் போகவில்லை. அம்மா வேறொரு கார்டு எழுதச் சொன்னாள்; முகத்தைப் பற்றி அதில் உள்ளபடியே ஒரு வரி இருந்தது. மறு ஆண்டு, டிராம் நின்ற பிறகு, சித்தி வந்தாள். அதற்கு முன்னும் பின்னும் எங்களை எழுப்பியது சித்தப்பாதான். மாலாவிலிருந்து தலையை நீட்டி, “சகாள் ஜாலி” என்பார். தூக்கத்தில் நாங்கள் அவரைத் திட்டுவோம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அம்மாவின் மேல் தீராத கோபம். முனிசிபாலிட்டிக்குப் பயந்தும் ஒரு வேப்பிலையை விட்டுக்கொடுக்காதவள், நான் ஒரு கோடு தவறாமல் காத்த கணக்கை எல்லோர் முன்னாலும் பொய்யாக்கிவிட்டாள். வந்தவள் கோபித்துத் திரும்பினால் சித்தப்பாவை மறுபடி யார் காப்பாற்றுவது? அடுத்த நான்கு நாட்கள், மாலையானதும், அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் தொடவிட்டுச் சிரித்தார்.

முப்பதாம் கோட்டுக்குப் பக்கத்தில் அன்று பென்சிலால் எழுதினேன்: ‘ஒரு நாள் முந்திவிட்டது.’ எண்ணிக்கை சரிதான். ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.